இணையவழிப் பட்டப்பின் வணிகக் கற்கை: ‘லெவல் 7’ என்பது எந்த ஏழு?

முகநூலைத் திறந்தால் நாளுக்கு ஒரு விளம்பரமாவது கண்ணில் படுகிறது. வேலையை விடத் தேவையில்லை, கொழும்புக்குப் போகத் தேவையில்லை, ஒன்பது மாதங்களில் பிரித்தானிய ‘லெவல் 7’ முகாமைத்துவ டிப்ளோமா கையில், அதன்பின் நேராக எம்.பி.ஏ.யின் இறுதிக்கட்டம். இதைப் பார்த்து விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு, தவணையில் கட்டலாமா என்பதைத்தான். சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும், அந்த ஏழு எந்த நாட்டின் ஏழு என்ற கேள்விகள் பணம் கட்டிய பிறகுதான் பலருக்கு வருகின்றன.

வணிகத் துறையில் பட்டப்பின் படிப்பின் முதற்படி பட்டப்பின் சான்றிதழ். அதற்கு அடுத்தது பட்டப்பின் டிப்ளோமா. முதுமாணிப் பட்டம் அவற்றுக்கு மேலே இருக்கிறது. கலைப்பட்டதாரி, பொறியியலாளர், தாதி, அரச சார்பற்ற நிறுவனத்தில் திட்ட இணைப்பாளர் என்று வணிகம் படிக்காமலே ஒரு நிர்வாகப் பொறுப்புக்கு வந்துவிட்டவர்களுக்காகத்தான் இந்த முதற்படி பெரும்பாலும் வடிவமைக்கப்படுகிறது. கணக்கீடு, சந்தைப்படுத்தல், மனிதவள முகாமைத்துவம், பொருளியல் ஆகியவற்றின் அடிப்படைகளை ஒரு வருடத்துக்குள் தொட்டுச் செல்வார்கள். பல பல்கலைக்கழகங்களில் இதில் பெறும் புள்ளிகளை வைத்துக்கொண்டு டிப்ளோமாவுக்கும் பின்னர் எம்.பி.ஏ.க்கும் ஏறிச் செல்லலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் இணையவழி எம்.பி.ஏ. இப்படிப் படிப்படியாக அமைந்த ஒன்று.

தூரத்திலிருந்து லண்டன் பட்டம் பெறுவது நமக்குப் புதிதல்ல. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்கள் 1858 முதல் நடக்கின்றன. 1921இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை மாணவர்களை அந்தப் பட்டத்துக்குத்தான் தயார்படுத்தியது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலும் லண்டன் பட்ட வகுப்புகள் நடந்தன. அன்றைக்குத் தபாலும் பரீட்சை மண்டபமும் இருந்த இடத்தில் இன்றைக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால் அன்றைக்குப் பட்டம் தருவது யார் என்பதில் எவருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

இனி அந்த ஏழுக்கு வருவோம். இலங்கையில் ஒருவர் ‘ஏழாம் மட்டம்’ என்று சொன்னால் அதற்குக் குறைந்தது மூன்று பொருள் இருக்கலாம்.

தொழிற்கல்விக்குரிய என்.வி.கியூ. முறையில் ஏழாம் மட்டம் என்பது இளமாணிப் பட்டம். உயர்கல்விக்கான இலங்கைத் தகைமைச் சட்டகத்தில், அதாவது எஸ்.எல்.கியூ.எப். என்று சொல்லப்படும் 12 மட்டங்கள் கொண்ட ஏணியில், ஏழாம் மட்டம் என்பது பட்டப்பின் சான்றிதழ். எட்டு பட்டப்பின் டிப்ளோமா. ஒன்பதும் பத்தும் முதுமாணிகள். பிரித்தானியாவில் இந்த மூன்று தரங்களும் ஒரே ஏழாம் மட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே பட்டப்பின் சான்றிதழுக்கு 60 புள்ளிகள், டிப்ளோமாவுக்கு 120, முதுமாணிக்கு 180. ஆகவே ‘லெவல் 7’ என்பது அங்கே படிப்பின் கடினத்தைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. 20 புள்ளிகள் கொண்ட ஒரு குறும்பாடநெறியும் லெவல் 7 ஆக இருக்க முடியும். விளம்பரக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விளம்பரங்களில் வரும் லெவல் 7 டிப்ளோமாக்களில் பலவற்றைத் தருவது பல்கலைக்கழகமே அல்ல. இங்கிலாந்தின் தகைமைகளை ஒழுங்குபடுத்தும் ஒப்குவால் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் அவற்றைத் தருகின்றன. இவை போலியானவை அல்ல. ஒப்குவாலின் பதிவேட்டை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். சில பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் இந்த 120 புள்ளிகளை ஏற்று எம்.பி.ஏ.யின் மிச்ச 60ஐ மட்டும் படிக்க அனுமதிக்கின்றன. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். அரச சேவையில் இருப்பவரின் நிலை வேறு. அவருடைய சேவைப் பிரமாணக் குறிப்பு ‘பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டப்பின் தகைமை’ என்று கேட்டால், பல்கலைக்கழகம் அல்லாத ஒன்று தந்த டிப்ளோமாவோடு அங்கே நிற்பது சங்கடமானது. சேருவதற்கு முன் அந்தக் குறிப்பை எடுத்து ஒருமுறை வாசிப்பது அரை மணித்தியால வேலைதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிடும் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ அதன் பெயர் இருக்கிறதா என்று மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். முதலாவது சங்கத்தின் தரவுத்தளத்தை நாமும் இணையத்தில் தேடலாம். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் தானே பட்டம் தருவதாகச் சொன்னால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டமளிக்கும் நிறுவனமாக அது அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவும் நிறுவனத்துக்கு மொத்தமாக அல்ல, எந்தப் பட்டத்துக்கு என்று பார்க்கவேண்டும்.

சரி, இவ்வளவு விசாரித்துச் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? வெறும் தாள்தானா?

ஓர் உதாரணம். சங்கானையில் மிளகாய்த்தூள் பொதிசெய்து விற்கும் ஒரு சிறு முயற்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பொதியைக் கடைக்கு 250 ரூபாவுக்குக் கொடுக்கிறார்கள். மிளகாய், அரைப்பு, பை எல்லாம் சேர்த்துப் பொதிக்கு 180 ரூபா செலவு. மிச்சம் 70. வாடகை, சம்பளம், மின்சாரம் என மாதச் செலவு 70,000 ரூபா. ஆகவே மாதம் 1,000 பொதி விற்றால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. 1,500 பொதி விற்றால் 35,000 ரூபா இலாபம். இதுவரை உயர்தரத்தில் வணிகம் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்த கேள்விதான் பட்டப்பின் வகுப்புக்கு உரியது. கடைக்காரர் 45 நாள் கழித்துத்தான் காசு தருகிறார். மிளகாய் வியாபாரி கடன் தருவதில்லை. முதல் மாதம் பொருளுக்கு 2,70,000, மற்றதற்கு 70,000, மொத்தம் 3,40,000 ரூபா வெளியே போகிறது. முதற்காசு வரும்போது இரண்டாம் மாதம் பாதி போய்விடும். அதற்குள் ஐந்து இலட்சத்துக்கு மேல் இறங்கியிருக்கும். கணக்குப் புத்தகத்தில் இலாபம், பெட்டியில் ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதி மாதம் 3,000 பொதி கேட்கிறது. வாங்கிக்கொள்வதா, விடுவதா? விற்பனை இரட்டிப்பானால் வெளியே நிற்கும் காசும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அதற்கு நுண்கடன் எடுத்தால் வட்டி அந்த 70 ரூபாவுக்குள் கைவைக்கிறது.

வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடனில் மூழ்கிய பெண்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கதைகள் பலவற்றின் அடியில் இந்தக் காசுப்பாய்ச்சல் கணக்குத்தான் கிடக்கிறது. வாழ்வாதாரத் திட்டம் வகுக்கும் உத்தியோகத்தர் ஒருவருக்கு இதைப் பார்க்கத் தெரிந்திருந்தால், கோழிக்கூடும் தையல் இயந்திரமும் கொடுத்துவிட்டு வருவதோடு அவர் நிற்கமாட்டார். என்னைக் கேட்டால் இந்தக் கற்கையின் மிகப் பெரிய பயன் இதுதான். எம்.பி.ஏ. பெயர்ப்பலகை அதற்குப் பிறகுதான்.

மொழி ஒரு தடைதான், ஆனால் பலர் பயப்படும் விதத்தில் அல்ல. தமிழில் உயர்தரம் படித்தவருக்கு ஐந்தொகை தெரியும், பெறுமானத்தேய்வு தெரியும், கடன்பட்டோரும் கடன்கொடுத்தோரும் தெரியும். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள்தான் தெரியாது. முதல் மாதத்தில் ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். உண்மையான தடை ஒப்படைகளில் இருக்கிறது. நாம் பழகியது குறிப்பை மனனஞ்செய்து அப்படியே திருப்பி எழுதும் பரீட்சை. இங்கே கேட்பது வேறு: இந்தக் கோட்பாடு உங்கள் நிறுவனத்துக்கு எங்கே பொருந்தவில்லை, ஏன்? கோட்பாட்டை இரண்டு பக்கம் அழகாக விளக்கியவருக்கு அரைகுறைப் புள்ளியும், தன் அலுவலகத்தில் அது ஏன் தோற்றது என்று ஒரு பக்கம் எழுதியவருக்கு நல்ல புள்ளியும் கிடைக்கும். மேற்கோள் காட்டும் ஒழுங்கு தவறினால் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதுவித்து அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். தங்கள் அலுவலகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது என்பதால் அந்த விடைகள் ஒரே சாயலில் வந்து விழுகின்றன.

நேரத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. இலங்கைச் சட்டகத்தில் ஒரு புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். பட்டப்பின் சான்றிதழுக்குக் குறைந்தது 20 புள்ளிகள், அதாவது 1,000 மணித்தியாலம். ஒரு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு ஏறக்குறைய 20 மணித்தியாலம் வேண்டும். பிரித்தானியாவில் ஒரு புள்ளிக்கு 10 மணித்தியாலம் என்பதால் 60 புள்ளிகளுக்கு 600 வருகிறது. அதுவும் வாரம் ஏறக்குறைய 12 மணித்தியாலம். ‘ஓய்வு நேரத்தில் படிக்கலாம்’ என்பதைக் குழந்தைகளை உறங்கவைத்துவிட்டு உட்காரும் ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்க்கவேண்டும். லண்டனில் மாலை ஏழு மணி நேரலை வகுப்பு என்றால் குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு 12.30. பதிவுசெய்யப்பட்ட ஒளிப்பதிவு கிடைக்குமா, நேரலையில் கலந்துகொண்டதற்குப் புள்ளி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

கட்டணத்தில் மறைந்திருக்கும் ஆபத்து நாணயமாற்று. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஆனது. 3,000 டொலர் கட்டணத்தைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்ட ஒருவருக்கு ஆறு இலட்சமாகத் தெரிந்த தொகை, சில வாரங்களில் பத்தே முக்கால் இலட்சத்தைத் தாண்டியது. அதே நாட்களில் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. இப்போது நிலைமை அப்படி இல்லை என்றாலும், டொலரிலோ பவுணிலோ தவணை கட்டும் எவரும் ரூபாவின் மேல் பந்தயம் வைக்கிறார் என்பது மாறவில்லை.

ரூபாவில் கட்டிப் படிக்க விரும்புபவர்களுக்கு உள்நாட்டில் வழி இருக்கிறது. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்விக்கென்றே உருவானது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்குப் பிராந்திய நிலையங்கள் இருக்கின்றன. முகாமைத்துவத்தில் பட்டப்பின் கற்கைகளையும் நடத்துகிறது. விளம்பரம் குறைவு, அனுமதிக்குக் காத்திருப்பு அதிகம். ஆனால் சான்றிதழின் பெறுமதியைப் பற்றி எந்தத் திணைக்களத்திலும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கவேண்டியவை நான்கு: சான்றிதழில் அச்சாகும் நிறுவனத்தின் பெயர், புள்ளிகளின் எண்ணிக்கை, இடையில் நின்றால் அதுவரை பெற்ற புள்ளிகளுக்கு என்ன கிடைக்கும், அந்தப் புள்ளிகளை எம்.பி.ஏ.க்குக் கொண்டுபோக எத்தனை வருடம் அவகாசம். நான்காவதைப் பலர் கேட்பதில்லை. சான்றிதழோடு நிறுத்தி, பிள்ளை வளர்ந்ததும் தொடரலாம் என்று எண்ணுபவர்களுக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் புள்ளிகளும் காலாவதியாகும்.