வில்லன் முதலில் பேசினால்

ஜார்ஜ் கேஸ்காய்ன் என்ற கவிஞர் பிரான்சிஸ் கின்வெல்மார்ஷுடன் சேர்ந்து ஆக்கிய ‘ஜொகாஸ்டா’ என்ற துன்பியல் நாடகம், 1566இல் லண்டனில் வழக்கறிஞர்கள் கூடும் கிரேஸ் இன்னில் மேடையேறியது. அரியணைக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு சாகும் கிரேக்கக் கதை.

யாரும் வாய் திறக்கும் முன்பே ஓர் ஊமைக்காட்சி வரும். முடிசூடிய மன்னன் ஒருவன் தேரில் அமர்ந்திருப்பான். தேரை இழுப்பவர்களும் முடிசூடிய நான்கு மன்னர்களே. பதவிவெறிதான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது அப்போதே விளங்கிவிடும். நம் கூத்தில் கட்டியக்காரன் செய்யும் வேலை இது.

1604இல் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வில் கட்டியம் கூற ஆளில்லை. வெனிஸின் இருட்டுத் தெருவில் இருவர் பேசிக்கொண்டே வருகிறார்கள். ஒருவன் இயாகோ. ஊர்ப் பெரிய மனிதர்கள் மூவர் சிபாரிசு செய்தும் துணைத்தளபதி பதவி தனக்குக் கிடைக்கவில்லை. போர்க்களமே காணாத, கணக்குப் புலியான காசியோவுக்குப் போய்விட்டது. பல போர்கள் கண்ட தான் இன்னும் கொடி தூக்குகிறேன் என்று பொருமுகிறான். அலுவலகத்தில் பதவி உயர்வு தவறிய எவரும் தலையாட்டக்கூடிய புலம்பல். பொறாமை, நியாயத்தின் சட்டை போட்டுக்கொண்டு நுழைகிறது.

இந்தக் காட்சியில் நாயகனான தளபதியின் பெயர்கூட ஒலிப்பதில்லை. ‘மூர்’ என்ற இனப்பெயர்தான். ஒத்தெல்லோவை நாம் பார்ப்பதற்கு முன் அவனைப் பற்றி வில்லன் சொன்னது காதில் ஏறிவிடுகிறது. ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டெமோனாவின் தந்தையைக் கத்தி எழுப்பும் இயாகோ, தன் முகம் தெரியும் முன் நழுவியும் விடுகிறான். பிற்பாடு அவன் செய்யப்போகும் சூழ்ச்சிகளுக்கெல்லாம் இதுதான் முறை: மூட்டிவிடுவது அவன், மாட்டிக்கொள்வது வேறொருவன்.

நாடகத்துக்கு மூலமான சிந்தியோவின் இத்தாலியக் கதையில், இயாகோவின் இடத்தில் இருக்கும் கொடிதாங்கிக்குத் தளபதியின் மனைவி மேல் ஆசை. அது கைகூடாத கோபம்தான் அவன் சூழ்ச்சிக்குக் காரணம். பதவிக் குறையை ஷேக்ஸ்பியர்தான் சேர்த்தார். ஆனால் அதையும் நம்பமுடியாதபடி வைத்தார். இயாகோ மனக்குறையைக் கொட்டுவது தெருவில் உடன் வரும் ரோடரிகோவிடம்; அவனிடம் பணம் கறந்துகொண்டிருப்பவனும் இயாகோவே. அடுத்தடுத்த காட்சிகளில் தன் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்கிறான், பிறகு காசியோவையும் சந்தேகிக்கிறான். காரணங்கள் கூடக்கூட, எதுவும் உண்மைக் காரணமாகத் தோன்றுவதில்லை. வெறுப்பு முதலில் வந்தது, காரணத்தைப் பிறகுதான் தேடினான் என்று கவிஞர் கோல்ரிட்ஜ் கருதினார்.

‘ஜொகாஸ்டா’வில் காரணத்தைச் சொன்னவர் நாடகாசிரியர்; அதை நம்பலாம். இங்கே சொல்பவன் குற்றவாளி. அவன் வாக்குமூலத்தை எடைபோடும் பொறுப்பு பார்வையாளர் தலையில் விழுந்துவிட்டது.