கவலை இறைத்தலும் கவலைப்படாமையும்

கொங்கு நாட்டில் கவலை என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, தமிழர் யாவரும் அறிந்த மனவருத்தம். மற்றொன்று, எருதுகளைப் பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் ஏற்றம். எருதுகள் சரிவான பாதையில் இறங்கும்போது தோற்சால் மேலெழுந்து வாய்க்காலில் நீரைச் சொரியும். அவை பின்வாங்கி ஏறும்போது சால் மறுபடியும் கிணற்றுள் இறங்கும். ஓட்டுபவன் வடத்தின்மேல் அமர்ந்து தன் உடற்பாரத்தையும் எருதுகளின் இழுப்போடு சேர்ப்பான். விடியுமுன் தொடங்கும் இவ்வேலை வெயில் ஏறும் வரை நடைபெறும். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர்ப் பக்கம் வந்தபின் மின்பொறிகள் பெருகின. கவலை சிறிது சிறிதாக மறைந்தது.

இந்நாட்டு ஆலயங்களில் மலைப்பிரசங்கம் வாசிக்கப்பட்டபோது, உணவுக்கும் உடைக்கும் கவலைப்படவேண்டாம் என்னும் கட்டளையைக் கேட்டிருந்த குடியானவர் பலர், மறுநாட் காலையில் கவலை ஓட்டப் போகவேண்டியவர்களே. அவர்கள் இரண்டிற்கும் முரண் கண்டதாகத் தோன்றவில்லை. கற்றவர்களாகிய நாமோ காண்கிறோம். தேவனை நம்புகிறவன் முயற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பர் நம்மிற் சிலர். முயற்சி உள்ள இடத்தில் நம்பிக்கைக்கு வேலையில்லை, நோய்ப்படுக்கைக்கும் பரீட்சை நாளுக்கும் அதை ஒதுக்கி வைக்கலாம் என்பர் வேறு சிலர்.

இம்மண்ணின் இயல்பை நோக்கினால் இவ்விரு கூற்றும் பொருந்தாமை விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலைகள் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைத் தடுத்துவிடுதலால், பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வந்தும் கோயமுத்தூர்ச் சமவெளியில் மழை குறைவு. ஆகவே பாறையைக் குடைந்து கிணறு தோண்டினர். தோண்டியவன் உழைப்பு மெய். வடம் பிடித்தவன் உழைப்பும் மெய். ஆயினும் ஊற்றை உண்டாக்கியவர் அவர்களுள் ஒருவருமில்லை. ஊற்று உண்டென்று நம்பியே தோண்டினர். ஊற்றுத் தம்முடையதன்று என்று அறிந்தே மழைக்கு மேலே நோக்கினர். ஆகாயத்துப் பறவைகள் விதைப்பதில்லை என்று இயேசுநாதர் கூறியது உண்மை. அவை கூட்டிலேயே அமர்ந்து இரையை எதிர்நோக்கும் என்று அவர் கூறவில்லை.

இங்கு ஒரு கேள்வி எழும். அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. மழையும் பொய்த்து, ஊற்றும் வற்றினால் என் செய்வது? 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களைக் கொடுமையாக வருத்தியது. செத்தோர் அனைவரும் விசுவாசத்திற் குறைந்தவர் என்று சொல்லத் துணிபவன் யோபுவின் நண்பர்களோடு சேரத்தக்கவன். 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இந்திய அரசாங்கத்தார் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் எனக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், அவ்வளவு உணவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று வாதாடினார். அவ்வாண்டிலேயே படி உயர்த்தப்பட்டது. பரமண்டல ஜெபத்திலே நாம் கேட்கும் அப்பம் தனியொருவனுடையதன்று, எங்களுடையது. அச்சொல்லைப் பஞ்சகாலத்தில் உச்சரிப்பவன், களஞ்சியத்தின் திறவுகோல் எவர் கையில் இருக்கிறதென்றும் கேட்கக் கடமைப்பட்டவன். ஏன் இவ்வளவு பேர் மாண்டார்கள் என்னும் வினாவுக்கு இது முழு விடையாகாது. அன்றாடத் தேவைக்குத் தேவனைச் சார்ந்திருத்தல், அயலான் பட்டினியைக் காணாதிருக்க அனுமதிச் சீட்டு அன்று என்பதை மட்டும் காட்டும்.

இனி, இச்சார்பை வாழ்ந்து காட்டிய தமிழர் ஒருவரை நினைப்போம். திருநெல்வேலிச் சீமையில் 1810-இல் பிறந்த அருளப்பன் என்பார், ரேனியுஸ் ஐயரிடம் பயின்று, பின்னர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு சேர்ந்தார். குரோவ்ஸ் எக்ஸெட்டர் நகரில் பல் வைத்தியராயிருந்து, நல்ல வருவாயைத் துறந்து, பாக்தாது வழியாக 1833-இல் இந்தியா வந்தவர். பிரிஸ்டல் நகரில் பல்லாயிரம் அநாதைகளை ஆதரித்த ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கையை மணந்தவர். அருளப்பன் சம்பளம் பெற மறுத்தார்; கூலிக்காகப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்ல இடங்கொடுக்க அவர் விரும்பவில்லை. 1840-இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை ஏற்படுத்தி, 1867-இல் மறையுமட்டும் அவ்வழியே ஊழியஞ்செய்தார்.

சம்பளம் வாங்கும் போதகரும் ஆசிரியரும் இதைக் கேட்டு வெட்கப்படவேண்டுவதில்லை. அருளப்பன் செய்தது எல்லார்க்கும் விதியன்று. ஆயினும் சோம்பலுக்கு விசுவாசம் என்று பெயரிடுவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். கொரிந்துவிலே பவுல் கூடாரந் தைத்தார். முல்லர் தம் தேவையைத் தேவனன்றி மனிதரிடத்து அறிவியாதவர். ஆனால் வந்த காசுக்கெல்லாம் ஆண்டுதோறும் கணக்கு அச்சிட்டார். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பொருள் வேண்டி எவரிடமும் கையேந்தாமலே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். அப்பிள்ளைகளுக்கு இரவு பகலாகப் பாலூட்டியவை மனிதக் கைகளே. விசுவாசித்தால் செல்வம் பெருகும் என்று பேரம்பேசும் இந்நாளைய போதனைக்கும் இவர்கள் வாழ்வுக்கும் யாதொரு உறவும் இல்லை.

என் தாயைப் பெற்ற அப்புச்சி அவிநாசிப் பக்கத்தில் கவலை ஓட்டிய கடைசித் தலைமுறையினர். எழுத்து வாசனை மிகக் குறைவு. விடியுமுன் எருது பூட்டுகையில் வடத்தைத் தொட்டு இரண்டு வார்த்தை ஜெபிப்பார். பின் வடம் நைந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார். ஜெபித்தாயிற்றே, மறுபடி ஏன் பார்க்கிறீர்கள் என்று சிறுவனாயிருந்தபோது கேட்டேன். "அறுந்தா மாடு கெணத்துல உழுந்துரும் சாமி" என்றார். அவ்வளவே.

ஒரு கோடையில் கிணறு வற்றியது. அவர் ஜெபித்தார், கிணற்றை ஆழப்படுத்தவும் செய்தார், நீர் வரவில்லை. மேல்தோட்டத்துக் கவுண்டர், நம் சபையைச் சேராதவர், வாரத்தில் இரண்டு நாள் தம் கிணற்றில் முறைவிட்டார். அவ்வாண்டு இரவு ஜெபத்தில் எங்கள் பெயர்களுக்கு முன்னே அவர் பெயர் வந்துகொண்டிருந்தது. சோளம் பாதி தேறியது. எருதுகளில் ஒன்றை விற்க நேர்ந்தது.