‘ஓம்’ என்றொரு விடை

ஆங்கிலங் கற்கப் புகும் வளர்ந்தோர் என்னிடம் கேட்கும் ஐயங்களிற் பெரும்பாலானவை ஆண்டுதோறும் மாறுவதேயில்லை. பெயரின் முன் ‘ஏ’ இடுவதா, ‘த’ இடுவதா என்பது அவற்றுள் தலையாயது. தமிழில் அத்தகைய சொல் இல்லையே என்று மனஞ் சோர்வார்கள். சொல் இல்லையெனினும் பொருள் உண்டு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோவொரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் கேட்பவரும் அறிந்த புத்தகம். ஆங்கிலேயர் பெயருக்கு முன் வைப்பதை நாம் ஐயுருபாகப் பின் வைக்கின்றோம். எல்லாவிடத்தும் இவ்வொப்புமை செல்லாது; உயர்திணைப் பெயர்கள் எப்படியும் அவ்வுருபை வேண்டி நிற்கும். ஆயினுந் தொடங்குவோர்க்கு இது நல்ல ஊன்றுகோல்.

‘டிட் நொட்’ என்பதன்பின் ‘வென்ற்’ ஏன் வரலாகாது என்பது அடுத்த வினா. நம் ‘போகவில்லை’ என்பதிலும் ‘போக’ என்ற பகுதி காலங் காட்டுவதில்லை. ‘போனவில்லை’ என்று எவராவது சொல்வாரா என்று கேட்பேன். வகுப்புச் சிரிக்கும், பின் விளங்கிக்கொள்ளும்.

வாக்கியத்தை முன்னிடைச் சொல்லில் முடிக்கலாமா என்று கேட்போரும் உளர். 1672இல் டிரைடன் என்னும் புலவர் பென் ஜோன்சனிடம் அக்குற்றங் கண்டார். 1762இல் இலக்கணம் வகுத்த லோத் என்பாரோ, அது பேச்சு நடைக்குப் பொருந்தும் என்றே கொண்டார். அதற்கு மேல் இதில் நேரம் போக்குவது வீண்.

நேரம் போக்கவேண்டிய இடம் வேறு. அதனை எவருங் கேட்பதில்லை. ஐயம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நேர்முகப் பரீட்சையில், ‘நீர் முன்பு வேலை செய்ததில்லை, அப்படித்தானே?’ என்று ஆங்கிலத்தில் வினவுகிறார்கள். நம்மவர் ‘ஓம்’ என்று மனத்திற் கொண்டு, ‘யெஸ்’ என்கிறார். வினவியவர் கூற்றுக்கு உடன்படுவது நம் வழக்கு. ஆங்கிலமோ கூற்றை நோக்காது, நிகழ்ச்சியை நோக்கும். வேலை செய்யாதவர் ‘நோ’ என்றே சொல்லவேண்டும். ‘எங்கே வேலை செய்தீர்?’ என்ற அடுத்த வினாவுக்கு விடையின்றி அவர் விழிக்கும்போது, உண்மை பேசியவர் பொய்யராகத் தோன்றுகிறார். வைத்தியர் முன்னிலையில், ‘ஒவ்வாத மருந்து எதுவும் இல்லையே?’ என்ற வினாவிலும் இக்குழப்பமே நிகழும். அங்கே போவது வேலை மட்டுமன்று.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கிற்று. இணைக்கும் மொழி இப்படி அறுபடும் இடத்தை நம் பாடநூல்கள் போதிய அளவு காட்டுவதில்லை என்பது என் கருத்து. ‘யூனிவேர்சிற்றி’யின் முன் ‘ஆன்’ வராதது ஏன் என்பதைப் பிறகு படிக்கலாம். அது செவிக்குரிய யகரம், அவ்வளவே.

என் வகுப்பில் முதல் மாதம் முழுவதும் தனி ‘யெஸ்’, தனி ‘நோ’ இரண்டுக்கும் இடமில்லை. ‘ஐ ஹாவ் நொட் வேர்க்ட்’ என்று முழு வாக்கியமாகவே விடையிறுக்கவேண்டும். மாணாக்கர் முணுமுணுப்பதுண்டு, நான் விடுவதில்லை.