இரைச்சல் வாசித்தவர்

ஆபீஸ் போகிற பஸ்ஸின் உறுமல் உங்களுக்குத் தலைவலி. இத்தாலிக்காரர் லூயிஜி ருஸ்ஸோலோவுக்கு அதுதான் சங்கீதம்!

மனுஷர் அடிப்படையில் ஓவியர். 1913-ல் 'இரைச்சல் கலை' என்று ஓர் அறிக்கை விட்டார். வயலினும் பியானோவும் அலுத்துவிட்டன, டிராம் சத்தமும் மோட்டார் சத்தமும் வேண்டும் என்பது அவர் கட்சி. சொன்னதோடு விடாமல் மரப்பெட்டிகளும் செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சக்கரம் கம்பியை உரசும். முன்னால் இருக்கும் பெரிய குழாய் வழியே உறுமல், சீறல். நெம்புகோலைத் தள்ளினால் சுருதி ஏறும்.

1914 ஏப்ரலில் மிலானில் கச்சேரி. ஜனங்கள் போட்ட கூச்சலில் பெட்டிகளின் கூச்சல் எடுபடவில்லை! கவிஞர் மாரினெட்டி கோஷ்டி கீழே குதித்து ரசிகர்களோடு கைகலக்க, ருஸ்ஸோலோ பாட்டுக்குக் கச்சேரியை நடத்திக்கொண்டிருந்தார்.

பிறகு யுத்தம், தலையில் பலத்த காயம். 1947-ல் காலமானார். அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சகோதரர் அந்தோனியோ 1921-ல் கொடுத்த இசைத்தட்டு மட்டும் இருக்கிறது. அதில் சாதாரண வாத்தியங்கள்தான் முன்னால்; பின்னால் எங்கேயோ ஓர் உறுமல்.