ஆறாத புண்ணும் ஆடும் பல்லும்: முதியோர் வாய்நலம்

காலை முறைக்கான நிறுவனப் பேருந்துகள் ஒரகடத்தையும் இருங்காட்டுக்கோட்டையையும் நோக்கிச் சென்ற பின்னர், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை வட்டாரத்தின் பல வீடுகளில் எஞ்சியிருப்போர் பாட்டிமாரும் தாத்தாமாரும் அவர்கள் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளுமே. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்வதால் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊரிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் அவர்களுள் பலர். குழந்தைக்கு ஒரு நாள் காய்ச்சல் கண்டாலும் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பாட்டி, தம் கன்னத்தின் உட்புறத்தில் மாதக்கணக்கில் இருக்கும் புண்ணைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கு விடுப்புக் கிடைக்காது, செலவு வைக்கக்கூடாது என்னும் எண்ணமே பெரும்பாலும் காரணம்.

எனவே, முதியோரின் வாய்நோயை அவர்கள் சொல்லி நாம் அறிவது அரிது. அவர்களின் தட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நேற்றுவரை முறுக்கு கடித்தவர் இன்று அதைத் தொடுவதில்லை. சப்பாத்தியை ஒதுக்கிவிட்டுக் குழைந்த சோறும் ரசமும் போதும் என்கிறார். காரம் பட்டால் முகம் சுளிக்கிறார். ஒரே பக்கமாக மெல்கிறார். பேச்சில் சொற்கள் குழறுகின்றன. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் கடந்துவிடும் இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் ஒரு காரணம் இருக்கக்கூடும். பல் விழுவது முதுமையின் விதி என்று நம்புவதும் பிழையே. 80 வயதிலும் 20 பற்களைக் காக்க வேண்டும் என்று ஜப்பான் 1989ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது அது எட்டாத இலக்காகவே தோன்றியது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் 80 வயதினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்விலக்கை எட்டியிருந்தனர். பற்களை விழச் செய்பவை சொத்தையும் ஈறுநோயும், இரண்டுமே தடுக்கக்கூடியவை.

இரண்டு வாரக் கணக்கு

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள இயலும் என்றால், இதைக் கொள்ளுங்கள்: வாயில் தோன்றிய எந்தப் புண்ணும் இரண்டு வாரங்களில் ஆறவில்லையெனில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இருக்கிறதா என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். சாதாரண வாய்ப்புண் கடுமையாக வலிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். வாய்ப்புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரும்போது அது ஆழமாகப் பரவியிருக்கும். "வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவதால் இழந்த தாடைகளும் உயிர்களும் மிகப் பல.

நம் பகுதியில் இது புகையிலையோடும் பாக்கோடும் பிணைந்த நோய். முந்தைய தலைமுறைப் பெண்கள் பலருக்கு வெற்றிலைப் பையும் சுண்ணாம்பு டப்பாவும் இடுப்பை விட்டு இறங்காதவை. வேலைக் களைப்புக்கும் பசியை அடக்கவும் தொடங்கிய பழக்கம், இரவில் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே உறங்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. புகையிலை நாள்தோறும் தங்கும் அந்த இடத்தில்தான், கன்னத்தின் உட்புறத்திலும் கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளத்திலும், நோய் பெரும்பாலும் முளைக்கிறது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை கலவாத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியது. தாம்பூலம் மங்கலப் பொருளாக விளங்கும் நாட்டில் இதைச் சொல்வது எளிதன்று. தட்டில் வைத்து வழங்குவதற்கும் நாள்முழுதும் வாயில் வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் முதியோர் நன்கு உணர்வர்.

புற்றுநோய்க்கு முன்பே சில அடையாளங்கள் தோன்றுவதுண்டு. தேய்த்தாலும் போகாத வெண்படலம் ஒன்று. பளபளப்பான செம்படலம் மற்றொன்று. இது அரிதானது, ஆயினும் வெண்படலத்தைவிட ஆபத்து மிக்கது. பாக்கு மெல்வோரிடம் கன்னத்தசை நார்போல் இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறக்க இயலாமல் போவது மூன்றாவது. காரம் பட்டால் எரிச்சல் என்பதே அதன் முதல் முறையீடு. தம் கைவிரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் காட்ட வேண்டும். காரணமின்றி ஒரு பல் மட்டும் ஆடுவது, நாக்கோ உதடோ மரத்துப்போவது, கழுத்தில் கட்டி தட்டுப்படுவது, பல் பிடுங்கிய குழி ஆறாமலிருப்பது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

இவற்றைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், 13 ஊராட்சிகளைச் சேர்ந்த, 35 வயது கடந்த 1,90,000க்கும் மேற்பட்டோர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். ஐயத்துக்குரியோரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவ்வளவும் செய்தவை ஒரு விளக்கும் பயிற்சி பெற்ற கண்களும்தாம்.

அதை வீட்டிலும் தொடங்கலாம். வார விடுமுறை நாளில், பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரமாக அம்மாவை அமர வையுங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கைபேசி விளக்கைக் கொண்டு உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறு, நாக்கின் இரு விளிம்புகள், நாக்குக்கு அடிப்புறம், அண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். ஐயமான இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், இரண்டு வாரம் கழித்து ஒப்பிட உதவும். தொடக்கத்தில் பலர் வெட்கப்பட்டு மறுப்பர். பேத்தியின் பல்லைப் பார்க்கும்போது பாட்டியின் பல்லையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வெட்கம் விரைவில் நீங்கும்.

மருத்துவர் திசுச்சோதனை வேண்டுமென்றால் அஞ்சாதீர்கள். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று ஊரில் சொல்வர், அது உண்மையன்று. சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. சோதனை செய்யாமல் களிம்பு தடவிக்கொண்டே கடத்தும் மாதங்களில்தான் அது பரவுகிறது.

பல்செட் அணிவோருக்கு

பல்செட் அணிவோரிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புண் தோன்றினால் பல்செட் உரசியதாகவே எல்லோரும் எண்ணுவர். பெரும்பாலும் அது சரிதான். பல்செட்டை இரண்டு நாள் கழற்றி வைத்து, உரசும் இடத்தைப் பல் மருத்துவரிடம் சீர்செய்துகொண்டால் அத்தகைய புண் ஆறிவிடும். ஆறாவிட்டால் மேற்சொன்ன இரண்டு வாரக் கணக்கு இங்கும் பொருந்தும். வீட்டிலேயே உப்புத்தாளால் தேய்ப்பதும் கடைப் பசையால் ஒட்டுவதும் வேண்டா. பற்களை இழந்த தாடையெலும்பு ஆண்டுதோறும் சிறுகத் தேய்வதால், பத்தாண்டுக்கு முன் கச்சிதமாகப் பொருந்திய பல்செட் இன்று தளர்ந்திருப்பது இயல்பே.

இரவில் பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும். கழற்றாமல் உறங்குவோரின் அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று செந்நிறமாகப் படர்கிறது. ஜப்பானில் 85 வயது கடந்தோரிடையே செய்த ஆய்வொன்றில், பல்செட்டோடு உறங்கியோருக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. துலக்குவதற்கு மென்மையான தூரிகையும் சாதாரண சோப்புமே போதும். கொதிநீர் அதன் வடிவைக் கெடுத்துவிடும். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டால், கைதவறினாலும் உடையாது.

சர்க்கரையும் ஈறும்

சர்க்கரை நோயும் ஈறுநோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இரத்தச் சர்க்கரை உயர்ந்தால் ஈறு வீங்கிச் சீழ்பிடிக்கிறது. ஈற்றில் நீடிக்கும் அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. ஈறுநோய்க்கு முறையான சிகிச்சை பெற்றவர்களிடம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதை ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. எனவே, மாத்திரை கூட்டியும் சர்க்கரை குறையாத முதியவருக்கு, வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று பலர் தயங்குகின்றனர். பற்காரை நீங்கியதும், அதுவரை அதன் பிடிமானத்தில் நின்ற பல் ஆடுவதுபோல் தோன்றும். பல்லின் எலும்பு அதற்கு முன்பே தேய்ந்திருந்தது என்பதே உண்மை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்பதும் அத்தகைய அச்சமே. பல்லுக்கும் பார்வை நரம்புக்கும் அவ்வாறான தொடர்பு இல்லை.

வாய் உலர்வு மற்றொரு தொல்லை. உயர் இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை, சிறுநீர்ப்பை ஆகியவற்றுக்கான மருந்துகளுள் பல உமிழ்நீரைக் குறைக்கும். ஈறு இறங்கி வெளிப்பட்ட பல்வேருக்கு மேற்பகுதியைப்போல் எனாமல் காப்பு இல்லை. உமிழ்நீரும் வற்றினால் அங்கே சொத்தை விரைந்து பரவும். வறட்சிக்கென்று மிட்டாய் சப்புவதும் அடிக்கடி சர்க்கரை போட்ட தேநீர் அருந்துவதும் அதற்கு எண்ணெய் ஊற்றுவதாகும். சிறிது சிறிதாகத் தண்ணீர் அருந்தலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பழகிய கைகள் பற்பசையை ஏற்க மறுப்பதுண்டு. குச்சியை மென்மையாகப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆயினும் வேர்ச்சொத்தையைத் தடுப்பது ஃபுளூரைடு. ஆதலால் இரவிலாவது ஃபுளூரைடு பற்பசை தேவை. செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்த்தே கரைத்துவிடும்.

படுக்கையில் இருப்போர்

பக்கவாதம் கண்டு படுத்திருப்போரின் வாயை உடலைப்போலவே நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். விழுங்கும் திறன் குறைந்தவரின் உமிழ்நீரோடு வாய்க்கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ஜப்பானிய முதியோர் இல்லங்கள் 11இல் நடந்த ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளியானது. அதில், வாய்ப்பராமரிப்பு பெறாதோருள் 19 விழுக்காட்டினருக்கு நிமோனியா கண்டது. பெற்றோரிடம் அது 11 விழுக்காடாக இருந்தது.

செய்முறை கடினமன்று. தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தை ஒருபுறம் சாய்த்து, மோவாயின் கீழ் ஒரு துண்டை விரியுங்கள். மென்மையான சிறு தூரிகையில் பட்டாணி அளவுக்கும் குறைவாகப் பற்பசை எடுத்துத் துலக்குங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிழிந்த ஈரத்துணியால் நுரையைத் துடைத்தெடுக்க வேண்டும். பற்களுக்கு இடையே விரலை விடாதீர்கள், அனிச்சையாகக் கடித்துவிடுவர். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும். ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் அங்கே பாருங்கள். உலர்ந்த உதட்டுக்குச் சிறிது வாசலின் தடவலாம். இரவுப்பணி முடிந்து வருவோரும் காலைப்பணிக்குப் புறப்படுவோரும் சந்திக்கும் வேளையை இதற்கென ஒதுக்கிக்கொண்டால் வேலை ஒருவர் தலையில் மட்டும் விழாது.

பல் மருத்துவரிடம் செல்லுமுன் மருந்துச்சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வருவது ஆபத்தானது. எலும்புத்தேய்வுக்கு அல்லது புற்றுநோய்க்கு எலும்பை வலுப்படுத்தும் ஊசி போட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பல் பிடுங்கிய பின் தாடையெலும்பு ஆறாமல் போகும் அபாயம் அவர்களுக்கு உண்டு.

செலவைப் பற்றி: இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளியின் குடும்பம் என்பதில், வருமான வரம்புக்கு உட்பட்டு அவரைச் சார்ந்து வாழும் தாய்தந்தையரும் அடங்குவர். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். பெற்றோரின் பெயரைச் சேர்க்காமல் விட்டோர் மனிதவளப் பிரிவில் கேட்டு உடனே சேர்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அதற்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969ஆம் ஆண்டு முதல் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. முதியவர் பசியோடு காத்திருக்க நேராமல், சாப்பிட வைத்து, காலை மாத்திரைகளையும் கொடுத்தே அழைத்துச் செல்லுங்கள்.