இந்த ஊசியா? அந்த ஊசியா?
மார்ச்சில் காலி நாற்காலி. மே மாதம் நீண்ட கியூ!
கொரோனா தடுப்பூசிக்காக 2021-ல் சென்னை பட்ட பாடு

சென்னை,

"எந்த ஊசிங்க போடறீங்க?"

2021-ம் ஆண்டு மார்ச் மாதம், சென்னையில் கொரோனா தடுப்பூசி மையத்துக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

நர்சு பெயரைச் சொன்னதும் சிலர் சட்டைக் கையை மடித்தார்கள். சிலர் வந்த வழியே திரும்பி விட்டார்கள்.

"அந்த ஊசி வந்தா சொல்லுங்க சிஸ்டர். அப்ப வர்றேன்" என்று சொல்லி விட்டுப் போனவர்கள் ஏராளம்.

இரண்டே மாதம்தான். நிலைமை தலைகீழாக மாறியது. அதே மையங்களின் வாசலில் ஜனங்கள் காலையிலேயே கியூவில் நின்றார்கள். அப்போது யாரும் பெயர் கேட்கவில்லை.

"ஊசி இருக்கா? இல்லையா?" என்று மட்டும் கேட்டார்கள்.

இடையில் நடந்தது என்ன? அதன் விவரம் வருமாறு:-

2 ஊசி

2021 ஜனவரி 3-ந்தேதி, கோவிஷீல்டு, கோவேக்சின் ஆகிய 2 தடுப்பூசிகளுக்கும் மத்திய அரசின் மருந்து கட்டுப்பாட்டு தலைமை அதிகாரி ஒரே நாளில் அனுமதி கொடுத்தார்.

கோவிஷீல்டு, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரித்தது. மனிதனுக்குத் தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட வேறொரு வைரஸ் மூலம், கொரோனாவின் அடையாளத்தை உடம்புக்குக் காட்டுகிற ஊசி இது.

கோவேக்சின், ஐதராபாத் பாரத் பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து உருவாக்கியது. கொரோனா வைரசையே செயல் இழக்கச் செய்து ஊசியில் அடைத்தார்கள். இது பழைய, பழகிய முறை.

இரண்டும் சாதாரண குளிர்பதனப் பெட்டியின் குளிரிலேயே கெடாமல் இருக்கும். இரண்டையும் 2 தடவை போட வேண்டும். முதலில் எதைப் போட்டார்களோ அதையே மறுபடியும் போட வேண்டும் என்பது விதி.

27-க்கு ஒன்று

"இதுவா? அதுவா?" என்று ஜனங்கள் குழம்புவதற்கு முன்பே, வந்து இறங்கிய சரக்கு பாதி முடிவைச் செய்து விட்டது.

ஜனவரி 12-ந்தேதி சென்னைக்கு விமானத்தில் வந்த கோவிஷீல்டு 5 லட்சத்து 36 ஆயிரத்து 500 டோஸ். கோவேக்சின் 20 ஆயிரம் டோஸ்தான். அதாவது, 27 கோவிஷீல்டுக்கு ஒரு கோவேக்சின்!

16-ந்தேதி நாடு முழுவதும் ஊசி போடும் பணி தொடங்கியது. தமிழ்நாட்டில் 166 மையங்கள். அவற்றில் 160 மையங்களில் கோவிஷீல்டு. 6 மையங்களில் மட்டும் கோவேக்சின்.

முதலில் டாக்டர்கள், நர்சுகள், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு. பிப்ரவரியில் போலீசார், துப்புரவுத் தொழிலாளர்கள் போன்ற முன்களப் பணியாளர்களுக்கு. மார்ச் 1-ந்தேதி முதல் 60 வயது தாண்டியவர்களுக்கும், 45 வயது தாண்டிய நோயாளிகளுக்கும். ஏப்ரல் 1-ந்தேதி முதல் 45 வயதான எல்லோருக்கும். மே 1-ந்தேதி முதல் 18 வயது ஆனவர்களுக்கு.

அரசு மையங்களில் இலவசம். மார்ச் மாதம் தனியார் ஆஸ்பத்திரியில் ரூ.250.

கையெழுத்து

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லி விட முடியாது.

கோவேக்சினுக்கு அனுமதி கொடுத்தபோது அதன் 3-வது கட்ட சோதனை முடியவில்லை. ஆகவே "சோதனை முறையில்" என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். போட்டுக் கொள்பவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்து என்றதும் ஜனங்களுக்குப் பயம் வந்து விட்டது.

"நல்ல ஊசின்னா எதுக்கு சார் கையெழுத்து? நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்பு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே!

அப்போதைய தமிழக சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர், ஜனவரி 22-ந்தேதி சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் கோவேக்சின் போட்டுக் கொண்டார். அவர் டாக்டர். மார்ச் 1-ந்தேதி பிரதமர் மோடி டெல்லியில் அதே ஊசியைப் போட்டுக் கொண்டார்.

மார்ச் 3-ந்தேதி சோதனையின் முதல் முடிவு வெளிவந்தது. 81 சதவீதம் பலன் என்று நிறுவனம் அறிவித்தது. இறுதிக் கணக்கில் 77.8 சதவீதம் என்றார்கள். மார்ச் 11-ந்தேதி சோதனை நிபந்தனை நீக்கப்பட்டது.

ஆனால் சந்தேகம் முளைத்து 2 மாதம் ஆகியிருந்தது. பிடுங்குவது சுலபமாக இல்லை.

கோவிஷீல்டுக்கும் ஒரு பயம் வந்தது. "ரத்தம் உறையுமாமே" என்று பேச்சு கிளம்பியது. அது முழுப் பொய் அல்ல. மிக மிக அபூர்வமாக அப்படி நடந்தது. மத்திய அரசின் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் 10 லட்சம் ஊசிக்கு ஒருவருக்கும் குறைவு.

காலி நாற்காலி

இன்னொரு காரணமும் உண்டு. பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் ஒரு நாளைக்கு சுமார் 500 பேருக்குத்தான் கொரோனா வந்தது. "அதான் போயிடுச்சே, இப்ப என்ன அவசரம்?" என்று பலர் இருந்து விட்டார்கள்.

மையங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கு மருந்து இருக்கும். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியைக் கொட்ட வேண்டியதுதான்.

ஆகவே 3 பேர் வந்தால் நர்சு தவிப்பார். திறந்தால் 7 பேர் மருந்து வீண். திறக்காவிட்டால் வந்த 3 பேரும் கோபித்துக் கொண்டு போவார்கள்.

ஏப்ரல் 11-ந்தேதி வரை தமிழ்நாட்டில் வீணான மருந்து 12 சதவீதம்! நாட்டிலேயே இதுதான் அதிகம்.

இதே நர்சுகள்தான் சில மாதம் கழித்து, 10 பேருக்கான குப்பியில் ஒட்டியிருந்த மிச்ச மருந்தையும் உறிஞ்சி எடுத்து 11-வது ஆளுக்கும் போட்டார்கள்.

விவேக் மரணம்

ஏப்ரல் 15-ந்தேதி நகைச்சுவை நடிகர் விவேக், ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து கோவேக்சின் போட்டுக் கொண்டார். "எல்லோரும் போட்டுக் கொள்ளுங்கள்" என்று சொல்வதற்காகவே அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17-ந்தேதி காலமானார்.

இதய ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர்கள் கூறினார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழுவும் பின்னர் அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு வந்தது அக்டோபர் மாதம்! அதற்குள் பயம் வீடு வீடாகப் போய்விட்டது.

யார் மருந்தின் மேல் நம்பிக்கை வரட்டும் என்று வந்தாரோ, அவர் பெயரைச் சொல்லியே பலர் ஊசியைத் தள்ளிப் போட்டார்கள்.

கீழ்ப்பாக்கத்தில் கூட்டம்

அதற்குள் இரண்டாவது அலை சென்னைக்குள் நுழைந்து விட்டது.

மே மாதம் உச்சத்தில் சென்னையில் மட்டும் ஒரே நாளில் 7 ஆயிரம் பேருக்கு மேல் நோய். மே 21-ந்தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேல். மாதக் கடைசியில் தினமும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றன. படுக்கை இல்லை.

கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் 'ரெம்டெசிவிர்' மருந்து வாங்க இரவு பகலாகக் கியூ. கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள்.

அந்த மருந்து நோயாளிகளுக்கு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே கூறியிருந்தது! கூப்பிட்டுக் கொடுத்த ஊசியை "யோசிக்கிறேன்" என்றவர்களின் பிள்ளைகள், இந்த மருந்துக்காக நடுரோட்டில் காத்துக் கிடந்தார்கள்.

"ஸ்டாக் இல்லை"

இப்போது எல்லோருக்கும் ஊசி வேண்டும். ஆனால் ஊசி இல்லை.

3½ கோடி டோஸ் வாங்க தமிழக அரசு உலக அளவில் டெண்டர் விட்டது. ஜூன் 5-ந்தேதி வரை காத்திருந்தது. ஒரு நிறுவனம் கூட வரவில்லை!

'கோவின்' இணையதளத்தில் இடம் காட்டும். விரல் வைப்பதற்குள் நிரம்பி விடும். ஜூன் தொடக்கத்தில் சென்னையில் பல மையங்களின் வாசலில் "ஸ்டாக் இல்லை" என்று அட்டை தொங்கியது.

கோவேக்சின் முதல் ஊசி போட்டவர்கள் பாடு தனி. 4 முதல் 6 வாரத்தில் அடுத்தது போட வேண்டும். மருந்து வரவில்லை. வேறு ஊசியும் போட முடியாது. நாள்களை எண்ணிக் கொண்டு மையம் மையமாக அலைந்தார்கள்.

வசதி உள்ளவர்களுக்கு மட்டும் தேர்வு மிச்சம் இருந்தது. ஜூன் மாதம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அரசு விதித்த உச்ச விலை: கோவிஷீல்டு ரூ.780, ரஷிய ஊசி ஸ்புட்னிக் ரூ.1,145, கோவேக்சின் ரூ.1,410.

தள்ளிப் போட்டதன் விலை

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம்.

60 வயதைத் தாண்டிய ஒருவர் மார்ச் 1-ந்தேதியே கோவிஷீல்டு போட்டிருந்தால், 4 வாரத்தில் இரண்டாவது ஊசி. மேலும் 2 வாரத்தில் முழுப் பாதுகாப்பு. ஏப்ரல் நடுவிலேயே அவர் தயார்.

"பார்க்கலாம்" என்று இருந்து விட்டு மே 15-ந்தேதி போட்டவர் கதி என்ன? மே 13-ந்தேதி இடைவெளியை 12 முதல் 16 வாரமாக மாற்றி விட்டார்கள். அவருக்கு இரண்டாவது ஊசி கிடைப்பதே ஆகஸ்டு 7-ந்தேதிக்குப் பிறகுதான். அதற்குள் அலை வந்து, அடித்து, போயே போய்விட்டது!

போலீசார் கணக்கு

"எது உசத்தி?" என்ற கேள்விக்கு வருவோம். இரண்டு ஊசிகளின் சோதனையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் நடந்தவை. சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு கட்ட முடியாது.

ஆனால் "போடலாமா? வேண்டாமா?" என்ற கேள்விக்குத் தமிழ்நாடு போலீசே பதில் சொன்னது.

பிப்ரவரி 1 முதல் மே 14 வரை 1 லட்சத்து 17 ஆயிரத்து 524 போலீசாரின் கணக்கை சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. எத்தனை ஊசி போட்டார்கள் என்பதை வைத்துப் பிரித்தார்கள்.

ஊசியே போடாதவர்கள் 17 ஆயிரத்து 59 பேர். இறந்தது 20 பேர்.

ஒரு ஊசி போட்டவர்கள் 32 ஆயிரத்து 792 பேர். இறந்தது 7 பேர்.

இரண்டும் போட்டவர்கள் 67 ஆயிரத்து 673 பேர். இறந்தது 4 பேர்.

அதாவது 10 ஆயிரம் பேருக்கு, போடாதவர்களில் 12 பேர் போனார்கள். ஒன்று போட்டவர்களில் 2 பேர். இரண்டு போட்டவர்களில் ஒருவருக்கும் குறைவு.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் எடுத்த கணக்கும் இதையே சொன்னது. அங்கே பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டு. இரண்டு ஊசியும் போட்டவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து 94 சதவீதம் குறைந்தது.

விமானம் ஏற

காரணத்தோடு ஊசியைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. வெளிநாடு போகிறவர்கள்!

கோவிஷீல்டை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலேயே பட்டியலில் சேர்த்தது. கோவேக்சினைச் சேர்த்தது நவம்பர் 3-ந்தேதிதான். அதுவரை பல நாடுகள் கோவேக்சின் சான்றிதழை ஏற்கவில்லை. வளைகுடா வேலைக்காரர்களும், மேல்படிப்பு மாணவர்களும் பெயர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் உள்ளூரில் இருக்கும் தாத்தா, பாட்டிக்கு எந்த விசா?

பக்கத்திலேயே தொழிற்சாலை

இதில் இன்னொரு வேதனை. செங்கல்பட்டில் மத்திய அரசு சுமார் ரூ.700 கோடி செலவில் கட்டிய தடுப்பூசி வளாகம், இத்தனை தட்டுப்பாட்டிலும் ஒரு ஊசி கூடத் தயாரிக்காமல் சும்மா கிடந்தது. மே 25-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். குத்தகைக்குக் கொடுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டார். பஞ்சம் தீரும் வரை அங்கிருந்து மருந்து வரவில்லை.

தட்டுப்பாடு தீர்ந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? செப்டம்பர் 12-ந்தேதி தமிழ்நாடு முழுவதும் 40 ஆயிரம் இடங்களில் முகாம் போட்டார்கள். இலக்கு 20 லட்சம் பேர். வந்தது 28 லட்சத்துக்கும் மேல்! மருந்தும் இருந்து, பயமும் தெளிந்தால் ஜனங்கள் தாமாகவே வருவார்கள் என்பதற்கு இதை விட சாட்சி வேண்டியதில்லை.

நாளை இன்னொரு நோய் வரலாம். இன்னொரு ஊசியும் வரும். அப்போது அதிகாரிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஜனங்கள் கேட்கும் கேள்விக்கு அன்றைக்கே, புரிகிற தமிழில், பதில் சொல்லி விட வேண்டும்.

ஜனங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. "எந்த ஊசி?" என்று தாராளமாகக் கேளுங்கள். பதிலைக் கேட்டு விட்டு, காரணம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.