பிபிசிக்குப் படியளப்பது யார்?

பிரிட்டனில் ஒரு வீட்டில் எந்தச் சேனலையாவது நேரலையில் பார்த்தால் உரிமம் வாங்கியாக வேண்டும். பிபிசிக்குப் போகும் அதன் ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு ஆனது. பிபிசி பக்கமே போகாமல் ஐடிவியில் கால்பந்து மட்டும் பார்ப்பவருக்கும் விலக்கு இல்லை. கறுப்பு வெள்ளை டிவிக்கான உரிமம்கூட இன்னும் விற்பனையில் இருக்கிறது: 2025 ஏப்ரலில் 58.50 பவுண்டு! கட்டாமல் பிடிபட்டால் குற்ற வழக்கு, 1,000 பவுண்டு வரை அபராதம். தண்டிக்கப்படுவோரில் நான்கில் மூன்று பேர் பெண்கள். ஆய்வாளர் கதவைத் தட்டும் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

1922இல் வானொலிக்காகப் பத்து ஷில்லிங்கில் தொடங்கிய ஏற்பாடு இது. நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்துப் பழகிய இளைஞர், ‘நான் ஏன் கட்ட வேண்டும்?’ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில்தான் சிக்கல். சந்தா முறைக்கு மாறலாம் என்றால், பணம் கட்டாதவர் கேட்காதபடி வானொலிக்குப் பூட்டுப் போட வழியில்லை. விளம்பரம் வாங்கலாம் என்றால், அதை நம்பிப் பிழைக்கும் ஐடிவியும் சேனல் 4-உம் அடிமடியில் கைவைப்பதாகக் கொதிக்கும். வரிப்பணத்திலிருந்து கொடுத்தால், ஆண்டுதோறும் நிதியமைச்சரின் முகம் பார்க்க வேண்டிவரும்.

உரிமக் கட்டணம் இருப்பதால் மட்டும் அரசின் பிடி தளர்ந்துவிடவில்லை. தொகையை நிர்ணயிப்பதே அரசுதான். 75 வயதைக் கடந்தவர்களுக்கு இலவச உரிமம் தந்த செலவை 2000 முதல் அரசு ஏற்றிருந்தது. 2015இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்தச் சுமையை பிபிசி தலையில் கட்டினார். மூடிய அறையில் நடந்த பேரம் அது. சமாளிக்க முடியாத பிபிசி, 2020இல் வறிய முதியவர்களுக்கு மட்டும் என்று சலுகையைச் சுருக்கியது. ஏச்சு முழுக்க பிபிசிக்கு. அரசு வேடிக்கை பார்த்தது.

தமிழர்களுக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. 1941இல் தொடங்கிய தமிழ்ச் சேவையை நடத்தும் உலகச் சேவைக்கு முன்பு வெளியுறவு அமைச்சகம்தான் பணம் கொடுத்தது. 2014இல் அந்தச் செலவு உரிமக் கட்டணத்துக்கு மாறியது. போர்க்காலத்தில் ஈழத்து வீடுகளில் காதைத் தீட்டிக் கேட்கப்பட்ட அச்சேவையின் தமிழோசை வானொலி, 2017இல் நின்றுபோனது.

பிரான்ஸ் 2022இல் 138 யூரோ கட்டணத்தை ஒரேயடியாக ஒழித்து, மதிப்புக் கூட்டு வரியிலிருந்து பங்கு தருகிறது. ஜெர்மனியோ 2013 முதல் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு வசூலிக்கிறது. பிபிசி இயங்க அடிப்படையான அரச சாசனம் 2027 டிசம்பர் 31இல் முடிகிறது. அதற்குள் லண்டன் இவற்றில் ஒன்றையோ, வேறொன்றையோ முடிவு செய்தாக வேண்டும்.